ஒரே பக்கம் சாய்ந்த அம்புகள்

"ஊசியை மாத்தினீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க அண்ணி. நான் கேட்டது ஒண்ணு, நீங்க..."

"மாத்தினேன். ரெண்டு தடவை மாத்தினேன். மூணாவது ஊசியும் அதையேதான் சொல்லுது. உன் சில்லுதான்..."

"என் சில்லுக்கு ஒண்ணும் இல்ல."

"நான் பேசி முடிச்சுக்கட்டுமா?"

"நீங்க எங்க முடிக்கிறீங்க. மூணு நாளா முடிக்காம பேசிட்டிருக்கீங்க."

இத்தனையும் கிசுகிசுப்பில். அந்த அடித்தள அறையில் காந்தத்தை அளக்கும் நுண்ணூசி சில்லின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் உரக்கப் பேசக் கூடாது. மேலே யாராவது நாற்காலியை இழுத்தால்கூடத் திரையில் கோடு கோணும். அதனால் அண்ணியும் நாத்தனாரும் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு, நோயாளி படுத்திருக்கும் வீட்டில் பேசுகிற குரலில் சண்டை போட்டார்கள். கத்த முடியாத சண்டை தொண்டையில் நின்றுவிட்ட மாத்திரை மாதிரி. எத்தனை தண்ணீர் குடித்தாலும் இறங்காது.

உறவிலும் அவர்கள் அண்ணி நாத்தனார்தான். அண்ணி பதினெட்டு வருஷமாக இந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அளக்கிறவள். நாத்தனார் அவள் புருஷனின் தங்கை, ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவள்; முதல் மாடியில், தூசி புகாத அறையில் கட்டுகிறவள். வந்த முதல் நாள் நடையில் நின்று அவள் "அண்ணி" என்று கூப்பிட்டது கட்டடம் முழுக்கக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் அண்ணி. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த தலைவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நாத்தனார் கட்டுவது கண்ணுக்குத் தெரியாத சாரங்கள். விரல் நகம் அளவில் ஒரு சில்லு, அதன் நாலு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், மாடிக்கு மேல் மாடியாகக் கம்பிகள் பின்னிக்கொண்டு நிற்கும். லேசரால் பிசினில் சாரத்தை எழுதி, மிச்சத்தைக் கழுவிவிட்டு, மேலே நிக்கலும் இரும்பும் கலந்த ஆவியைப் படியவிடுவாள். தலைமுடியை நீளவாக்கில் ஐந்நூறாகக் கிழித்தால் எவ்வளவு பருமன் வருமோ, அதுதான் ஒரு கம்பி. ஒவ்வொரு கம்பியும் ஒரு காந்தம். ஒவ்வொரு காந்தத்துக்கும், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்ட, ஓர் அம்பு.

"திரையைப் பாரு," என்றாள் அண்ணி. "மொத சில்லு எப்படி இருந்துச்சு? வெளிச்சப் புள்ளி, இருட்டுப் புள்ளி, வெளிச்சம், இருட்டு, சதுரங்கப் பலகை மாதிரி. இது எப்படி இருக்கு? எல்லா அம்பும் ஒரே பக்கம் சாஞ்சு கிடக்கு. எண்ணெய் வெச்சுப் படிய வாரிவிட்ட தலை மாதிரி."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"அப்ப காந்தம் பட்டிருக்குன்னு தெரியுதில்ல?"

"பட்டிருக்கு. எங்க பட்டுச்சு?"

"உன் அறையில."

"என் அறையில காந்தமே கிடையாது. போன், சாவி, கடிகாரம் எல்லாத்தையும் வெளியில கழட்டி வெச்சுட்டு, வெள்ளை உடுப்பு மாட்டிட்டு, கண்ணு மட்டும் தெரியற மாதிரி உள்ள போறேன். தலைக்குக் குத்தற கிளிப்கூட பிளாஸ்டிக்."

"ஆவி பூசற மெஷின்?"

"மொத சில்லுக்கும் அதே மெஷின்தான். காந்தம் இல்லாத மெஷினாப் பாத்து வாங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்கதான்."

"அப்ப வழியில பட்டிருக்கணும்."

"வழியில இருக்கறது நீங்க மட்டும்தான் அண்ணி."

அண்ணி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதற்கெல்லாம் பதில் சொல்வது தன் மரியாதைக்குக் குறைவு என்று நினைத்தாள். சில்லை மாடியிலிருந்து அடித்தளத்துக்குக் கொண்டுவருவது எப்போதும் அவள்தான். தள்ளுவண்டியில் வைக்க மாட்டாள், அதன் சக்கரத்தில் இரும்பு. கையிலும் எடுத்துவர மாட்டாள், ஒரு தடவை படியில் தடுக்கி விழுந்திருக்கிறாள். பிளாஸ்டிக் பெட்டியை வெள்ளைக் கோட்டின் இடது மார்புப் பையில் போட்டு, மேலே உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டு, கைக்குழந்தைக்காரி மாதிரி மெல்ல இறங்குவாள். கட்டடத்தில் அதை நடித்துக் காட்டாத ஆள் இல்லை.

"எனக்குச் சிரிப்பா வருது," என்றாள் நாத்தனார், சிரிக்காமல். "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டாவது சில்லு காட்டலைன்னா கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கணும். மூணு வருஷ வேலை. இதைக் காட்டித்தான் என் வேலையையே நீட்டிக்கணும். நீங்க என்னடான்னா என் கிளிப்பை எண்ணிட்டிருக்கீங்க."

"நான் உன் கிளிப்பை எண்ணலை."

"நேத்து எண்ணினீங்க."

எண்ணியிருந்தாள்தான்.

நாத்தனார் படியேறிப் போன பிறகு, காபி குடித்தால் தலைவலி விடும் என்று அண்ணியும் மேலே வந்தாள். வாசல் மேசையில் எழுத்தர் நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்.

"அட்டை கோணலா இருக்கு அண்ணி."

"அட்டைதானே, கழுத்து இல்லையே."

"நான் சொல்லலை, சுற்றறிக்கை சொல்லுது. இடது மார்புல, நேரா, பேர் தெரியற மாதிரி."

இந்தப் புதுப் பெயர் அட்டை வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முன்பு ஊக்கு வைத்த அட்டை. துணி கிழிகிறது என்று எல்லோரும் புகார் சொல்ல, இப்போது பின்னால் ஒரு பட்டை வைத்து, துணியை நடுவில் விட்டுக் கவ்விக்கொள்கிற அட்டை. தூசி புகாத அறையில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் போடாமல் வந்தால் எழுத்தர் ஒரு புத்தகத்தில் குறித்துக்கொள்வார். அண்ணி அட்டையை நேராக்கினாள். இந்தக் கட்டடத்தில் அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பொருள் அது ஒன்றுதான் என்று தோன்றியது.

*

அன்று இரவு வீட்டில் மூன்று தட்டு. நாத்தனார் அண்ணன் வீட்டு மேல்மாடியில்தான் இருக்கிறாள். சண்டை என்றாலும் சாப்பாட்டுக்கு இறங்கி வந்துவிடுவாள்; ஆனால் அண்ணியோடு பேச மாட்டாள்.

"அண்ணா, உன் வீட்டம்மாகிட்ட அந்தத் தண்ணி ஜாடியை இப்படித் தள்ளச் சொல்லு."

"ஏங்க, உங்க தங்கச்சிக்குக் கை இருக்கான்னு கேளுங்க."

புருஷன் பஸ் ஓட்டுகிறவர். இருபது வருஷமாக ஊர் நெரிசலைச் சமாளித்த பொறுமை அவருக்கு. ஜாடியை அவரே தள்ளினார். "மூணு நாளா எனக்கு ஒண்ணும் விளங்கலை. உங்க ரெண்டு பேருக்கும் என்னதான் தகராறு? பஸ் ஓட்டறவனுக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்களேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கடைசியில் அண்ணிதான் சொன்னாள்.

"நாலு ரோடு கூடற இடம்னு வெச்சுக்குங்க. எல்லா ரோடும் ஒருவழிப் பாதை. ரெண்டு ரோடு உள்ள வரணும், ரெண்டு ரோடு வெளிய போகணும். அதுதான் சட்டம். நாலும் உள்ளயே வந்தா என்ன ஆகும்?"

"முட்டிக்கிட்டு நிக்கும். தினம் பார்க்கறேனே."

"அதே மாதிரிதான் இவ கட்டற சாரமும். ஒவ்வொரு முனையிலயும் நாலு கம்பி சேருது. ரெண்டு அம்பு உள்ள, ரெண்டு வெளிய. எந்த ரெண்டுங்கறதை அதுங்களே முடிவு பண்ணும். மேல்தளத்துல நாலு கம்பியில ரெண்டுதான் இருக்கும், அங்க சட்டம் கொஞ்சம் தளரும். யாரும் காந்தம் காட்டாம, பிறந்தது பிறந்தபடியே விட்டா, அந்த மேல்தளம் ஒண்ணுவிட்டு ஒண்ணு மாத்தி அழகா அடுக்கிக்குது. இவ கண்டுபிடிச்சது அதைத்தான். இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல."

"நான் கண்டுபிடிச்சேன்னு சொல்றாங்களா?" என்று நாத்தனார் தட்டைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணா, இதை எழுதி வாங்கி வெச்சுக்கோ."

"கட்டுரையைப் படிச்சுப் பார்த்தவங்க, ஒரு சில்லுல வந்தா போதாது, இன்னொண்ணு காட்டுன்னுட்டாங்க. இவளும் இன்னொண்ணு கட்டினா. அது ஒரே பக்கம் சாஞ்சு கிடக்கு."

"சரி, பழையபடி ஆக்கிட வேண்டியதுதானே?"

"முடியாதுங்க. ஒரு தடவை காந்தம் பட்டா அதை மறக்காது. போட்டு அலைக்கழிச்சு வேணா கலைச்சுவிடலாம். கலைச்சுவிட்ட தலை வேற, பிறந்த குழந்தை தலை வேற."

"அப்ப புதுசா ஒண்ணு?"

"பதினோரு நாள்," என்றார்கள் இரண்டு பேரும், மறுபடியும் ஒன்றாக. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று.

சாப்பாடு முடிந்தது. பிறகு நாத்தனார் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, முதல் தடவையாக அண்ணியைப் பார்த்தே சொன்னாள்.

"நான் எழுதிக் குடுத்துட்டேன் அண்ணி. சாயங்காலமே தலைவர்கிட்ட குடுத்தாச்சு. கட்டினதுல ஏதோ குறை, காரணம் தெரியலை, கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கறேன்னு."

"காரணம் தெரியாம எதுக்கு எழுதிக் குடுத்தே?"

"யோசிச்சுப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்துல நீங்க அளந்தது ஒண்ணுகூட தப்பாப் போனதில்ல. அப்ப தப்பு என்கிட்டதானே இருக்கணும். நீங்களும் அதைத்தானே மூணு நாளா சொல்றீங்க."

குத்தலாகச் சொல்லியிருந்தால் அண்ணி பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பாள். நாத்தனார் மனப்பூர்வமாகச் சொன்னாள். அதுதான் எரிச்சலாக இருந்தது. சண்டையில் ஜெயித்துவிட்டாள், ஜெயித்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

*

மறுநாள் காலையில் புருஷன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பஸ் சீருடையைத் தேய்த்த கையோடு அவள் கோட்டையும் தேய்த்துவிடுவது அவர் வழக்கம். உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, உன் கோட்டுக்கு என் ஊக்கு மேல என்ன ஆசை?"

"என்ன உளறல்?"

"வந்து பாரு. மேசை மேல சும்மா கிடந்த ஊக்கு. கோட்டை மேல போட்டேன், எடுத்தா கூடவே வருது. பையில ஒட்டிட்டுத் தொங்குது."

அண்ணி தலை வாரிக்கொண்டே வந்தாள். கோட்டின் இடது மார்பில், நேற்று நேராக்கிய அட்டை. அதன் கீழே, பையின் துணிமேல், ஒரு ஊக்கு குறுக்காக ஒட்டிக்கொண்டு நின்றது. புருஷன் கோட்டை ஆட்டினார். ஊக்கு விழவில்லை.

"நல்ல கெட்டியான காந்தம்," என்றார் அவர். "எங்க டிப்போவுலயும் இந்த மாதிரி அட்டை கேக்கணும். எங்க ஊக்கு குத்தியே சட்டையெல்லாம் ஓட்டை."

அண்ணி சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பையைத் தொட்டாள். பெட்டி இருக்கும் இடம். அதற்கும் பின்பட்டைக்கும் நடுவில் ஒரு துணி. முதல் சில்லு வந்தது நாலு மாதத்துக்கு முன்னால். அப்போது ஊக்கு அட்டை. இரண்டாவது சில்லு போன வாரம். மாடியிலிருந்து அடித்தளம் வரை, மேலே உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்திப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு சீப்பைக் கடிக்கறே?"

"அந்தக் கோட்டைக் குடுங்க. தேய்க்க வேண்டாம். அட்டையைத் தொடாதீங்க, அது இருக்கற இடம் மாறக் கூடாது."

ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனதும் நேரே அடித்தளத்துக்கு இறங்கினாள். கோட்டை மேசைமேல் விரித்து, காந்தப்புலம் அளக்கும் கருவியின் மெல்லிய தகட்டைப் பைக்குள் விட்டாள். கருவியில் எண் பன்னிரண்டைத் தாண்டினால் நாத்தனாரின் கம்பிகளில் அம்பு திரும்பிவிடும். அதை அளந்து சொன்னதே இவள்தான். கருவி முப்பத்தெட்டு காட்டியது. தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். இருபத்தாறு. இன்னும் நகர்த்தினாள், பத்தொன்பது. பிறகு, மனசு கேட்காமல், சில்லின் நாலு மூலைப் படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அம்புகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தனவோ, பட்டை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. படிய வாரிவிட்ட சீப்பு அவள் மார்பிலேயே ஒரு மாதமாகக் குத்தியிருந்தது, அவள் பெயரைத் தாங்கிக்கொண்டு.

இந்த மூன்று நாளில் நாத்தனாரின் கிளிப்பை எண்ணியிருந்தாள். போனை வெளியே வைத்தாளா என்று மூன்று தடவை கேட்டாள். சந்தேகத்தில், கடிகாரத்தைக் கழற்றிய தடம் கையில் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள்.

தலைவரை எல்லோரும் 'சுருக்கமா' என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாமல். யார் எதைச் சொல்லப் போனாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். பிறகு அவர் ஒரு மணி நேரம் பேசுவார். அண்ணி கோட்டை மாட்டிக்கொண்டு அவர் அறைக்கு ஓடினாள்.

"வாங்க அண்ணி. சுருக்கமா சொல்லுங்க."

"சில்லைக் கெடுத்தது நான். இந்த அட்டை."

இதைவிடச் சுருக்கமாக யாரும் அவரிடம் எதையும் சொன்னதில்லை.  அவள் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்ததும், அவருடைய பேனா தானே உருண்டு வந்து அதில் ஒட்டிக்கொண்டது.

"ஐயோ பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

"அந்தக் கடிதத்தை அனுப்பாதீங்க. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்."

"எட்டு மணிக்கே அனுப்பிட்டேனே."

"அனுப்பிட்டீங்களா?"

"நேத்து குடுத்தா. காலையில முதல் வேலையா..."

"போன வருஷம் நான் குடுத்த விண்ணப்பம் இன்னும் உங்க மேசையில இருக்கு. அதோ, காபி கோப்பைக்கு அடியில. நீங்க ஒரு வேலையைத் தள்ளிப்போடாம செய்யணும்னு நினைச்சது இன்னிக்குத்தானா?"

அவர் கோப்பையை நகர்த்தி, கீழே இருந்த காகிதத்தைப் பார்த்து, மறுபடி கோப்பையை வைத்தார். "இன்னொரு கடிதம் போடலாம். முந்தினது தப்பு, கட்டினதுல குறை இல்ல, அளக்கக் கொண்டுபோகும்போது காந்தம் பட்டுடுச்சு, பதினோரு நாள் குடுங்கன்னு. ஆனா அதுல அவ கையெழுத்துப் போட்டா எடுபடாது. நீங்க போடணும்."

"பேனாவைக் குடுங்க."

"யோசிச்சுக்குங்க. உங்க அளவைக் காட்டித்தான் இந்தக் கூடத்துல பாதிக் கட்டுரை வெளியாகுது. அட்டை வந்தப்புறம் நீங்க அளந்ததை எல்லாம் இனிமே கேள்வி கேப்பாங்க. அஞ்சு சில்லு இருக்குமா?"

"ஏழு. ஏழையும் எழுதப் போறேன். பேனாவைக் குடுங்கன்னேன்."

பேனாவை அட்டையிலிருந்து பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எழுதி முடித்து நீட்டினாள். அவர் படித்தார். "அவங்க ஒத்துக்குவாங்களான்னு தெரியாது," என்றார்.

"ஒத்துக்காட்டி போகட்டும். தப்பு யாரோடதுன்னாவது சரியாப் பதிவாகட்டும். இதைக் காபிக்கு அடியில வெச்சுடாதீங்க."

*

தூசி புகாத அறையின் கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு பொத்தான். வெளியே இருப்பவர் அழுத்திப் பேசினால் உள்ளே கேட்கும். உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டுமானால் எழுந்து வந்து அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும்.

கண்ணாடி வழியே பார்த்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் நாத்தனார் லேசர் மேசையின் முன் உட்கார்ந்திருந்தாள். கட்டுரையைத் திருப்பி வாங்கியவள் எதற்காகக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு திரையில் பச்சைக் கோடுகள் ஏறுவது தெரிந்தது. அதே சாரம், அதன் முதல் அடுக்கு. காலையிலேயே ஆரம்பித்திருக்கிறாள். எழுதிக் கொடுத்ததை அவள் கைகளே நம்பவில்லை போலிருக்கிறது.

அண்ணி பொத்தானை அழுத்தினாள்.

"நான்தான்."

வெள்ளை உருவம் திரும்பவில்லை.

"கேக்குதுன்னு தெரியும். நீ திரும்ப வேண்டாம், கை ஆடிடும். நான் சொல்றேன், கேட்டுக்கோ. உன் சில்லுல ஒரு குறையும் இல்ல. நான் பையில போட்டுத் தூக்கிட்டு வந்தேன் இல்ல, அந்தப் பைக்கு மேல புது அட்டை, காந்தம் வெச்சது. முப்பத்தெட்டு இருக்கு. அளந்துட்டேன். உங்க அண்ணனோட ஊக்கு கண்டுபிடிச்சது, நான் இல்ல."

பொத்தானை விட்டாள்.  மறுபடி அழுத்தினாள்.

"தலைவர் உன் கடிதத்தை அனுப்பிட்டார். வேற எதுலயும் இல்லாத சுறுசுறுப்பு. நான் இன்னொண்ணு எழுதிக் குடுத்திருக்கேன், என் கையெழுத்துல. அவங்க நாள் குடுப்பாங்களோ மாட்டாங்களோ, தெரியாது. வழியில இருக்கறது நீங்க மட்டும்தான்னு சொன்னே. நான் காதுல வாங்கலை. கிளிப்பை எண்ணினேன்."

உள்ளே பச்சைக் கோடு ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்கு ஏறியது. நாத்தனாரின் முதுகு முன்பு இருந்தபடியே இருந்தது. ஆனால் அவள் கை மேசையிலிருந்து எழுந்து, மடியில் வந்து கிடந்தது.

நடையில் எழுத்தர் எதிரே வந்தார். அண்ணியின் இடது மார்பைப் பார்த்து, புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டி, அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு வழியாகத் திரும்பிப் போனார்.

அண்ணி கதவில் இன்னும் நெருங்கி நின்றாள். கிசுகிசுக்க வேண்டிய அவசியம் இந்தக் கதவில் இல்லை. இருந்தாலும் குரல் இறங்கித்தான் வந்தது.

"இந்தச் சில்லு முடிஞ்சதும் நீயே உன் கையால கீழ கொண்டாந்து ஊசிக்கு அடியில வை, நான் அட்டையையும் கோட்டையும் மாடியில கழட்டி வெச்சுட்டுக் கையைக் கட்டிட்டு நிக்கறேன், கொண்டு வருவியா?"